எவ்வளவு வரைக்கும் போகலாம்

2019 ஒக்டோபரில் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் என்ற கிராபிக்ஸ் கார்டை என்விடியா நிறுவனம் 229 டொலர் விலை சொல்லி வெளியிட்டது. அப்போது டொலர் ஏறக்குறைய 180 ரூபாய். கணக்குப் போட்டால் 41,000 ரூபாய்ச் சொச்சம். மூன்று ஆண்டு கழித்து, 2022 ஒக்டோபரில், டொலர் 365 ரூபாய்க்குப் பக்கத்தில் நின்றது. அதே 229 டொலர் அப்போது 83,000 ரூபாயைத் தாண்டியது. கார்டுக்கு வயது கூடியிருந்தது. அதைவிட வேகமான புதிய தலைமுறை வந்து கடைகளில் உட்கார்ந்திருந்தது. ஆனாலும் ரூபாய்க் கணக்கில் அதன் விலை இரு மடங்கு. தம்புள்ளையில் எங்கள் வீட்டில் இப்படியொரு கார்டுக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்ற பேச்சு தொடங்கி முடிந்தது இந்த மூன்று ஆண்டுகளுக்குள்தான்.

அப்பா மாத்தளையிலிருந்து வந்து தம்புள்ளையில் கடை போட்டவர். 1999 இல் பொருளாதார மத்திய நிலையம் திறந்த காலத்திலிருந்தே அவருக்கு அங்கே கொமிசன் வியாபாரம். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியும், அம்பேபுஸ்ஸவிலிருந்து குருநாகல் வழியாகத் திருகோணமலை போகும் ஏ6 வீதியும் சந்திக்கும் ஊர் இது. நுவரெலியா கரட்டும் லீக்ஸும் தெற்கிலிருந்து ஏறி வரும். யாழ்ப்பாணத்துச் சின்ன வெங்காயம் வடக்கிலிருந்து இறங்கும். ஓகஸ்ட், செப்டெம்பர் என்றால் கலேவெல, தம்புள்ளைப் பக்கத்துப் பெரிய வெங்காயம் மூட்டை மூட்டையாகக் குவியும். நள்ளிரவுக்குப் பிறகு வரும் லொறிகளைப் பொறுத்து விடியற்காலையில் ஒரு விலை, பத்து மணிக்கு இன்னொரு விலை. கையில் காசோடு வந்து, எவ்வளவு வரைக்கும் போகலாம் என்று தெரியாமல் நிற்கும் ஆளை அங்கே தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

நான் கடைக் கணக்கு எழுதத் தொடங்கிய நாட்களில் அப்பா திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: “எவ்வளவுக்கு வாங்கணும்னு இங்க வந்து யோசிக்கக் கூடாது தம்பி. வீட்ல யோசிச்சு, பொக்கட்டுல முடிஞ்சுக்கிட்டு வரணும்.”

எனக்கும் தம்பிக்கும் கணினி விளையாட்டு மேல் ஆசை வந்தது உயர்தரப் பரீட்சைக்குப் படித்த காலத்தில். வீட்டில் இருந்தது தனிக் கிராபிக்ஸ் கார்ட் இல்லாத ஒரு மேசைக் கணினி. பிரதான சில்லிலேயே இருக்கும் சின்னக் கிராபிக்ஸ் பகுதிதான் படம் வரையும். பழைய கிரிக்கெட் விளையாட்டு ஓடும். ஜிடிஏ 5 ஐத் திரையின் அளவைச் சுருக்கி, நிழல், புல், தூரத்துக் கட்டடம் எல்லாவற்றையும் குறைத்து ஓட்டினால் வண்டி திரும்பும்போது படம் விட்டுவிட்டு நகரும். அப்போது 149 டொலருக்கு ஜிடிஎக்ஸ் 1650 வந்திருந்தது. 75 வாட்டுக்குள் ஓடக்கூடிய கார்ட் என்பதால் அதன் பல மாதிரிகளுக்குப் பவர் சப்ளையிலிருந்து தனி வயர்கூட வேண்டியதில்லை. எங்கள் கணினிக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. ஆனால் அந்த ஆண்டுகளில் வீட்டுக் காசு வகுப்புகளுக்குப் போனது. அதில் எங்களுக்கு மனக்குறை இருந்ததில்லை.

பரீட்சை முடிந்து கையில் கொஞ்சம் சேர்ந்தபோது உலகச் சந்தை தலைகீழாகிவிட்டது. கொரோனாக் காலத்தில் வீட்டில் அடைபட்டவர்கள் எல்லோரும் கணினி தேடினார்கள். சில்லுத் தொழிற்சாலைகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. அதோடு எதீரியம் என்ற மின்நாணயத்தை உண்டாக்க ஆயிரக்கணக்கில் கிராபிக்ஸ் கார்டுகளை அடுக்கி இரவு பகலாக ஓட்டினார்கள். ஆர்டிஎக்ஸ் 3060 வெளியானது 2021 பெப்ரவரியில், 329 டொலர் விலையில். இந்த நாணயத் தோண்டலுக்கு உதவாதபடி அதன் வேகத்தை என்விடியாவே கட்டிப்போட்டுத்தான் வெளியிட்டது. அப்படியும் பல நாடுகளில் சொன்ன விலையைப் போல் இரு மடங்குக்கு மேல் விற்றது. விளையாடுகிறவன் ஒரு கார்ட் கேட்டு வரிசையில் நிற்க, அதை வைத்துக் காசு பண்ணுகிறவன் பெட்டியோடு அள்ளிக்கொண்டு போன காலம் அது. பஞ்ச காலத்தில் வெங்காயத்தைப் பதுக்குகிறவர்களைப் பார்த்துப் பழகிய அப்பாவுக்கு இதை விளங்கப்படுத்த அதிக நேரம் எடுக்கவில்லை. “அப்ப இது வாங்குற நேரம் இல்ல,” என்றார்.

2022 பற்றி இந்த நாட்டில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. மத்திய வங்கி 200 ரூபாயை ஒட்டிப் பிடித்து வைத்திருந்த டொலரை மார்ச் மாதம் கைவிட்டது. மே மாதத்துக்குள் அது 360 ஐத் தொட்டது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. முந்திய ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்ததில் விளைச்சல் விழுந்திருந்தது. விளைந்த கொஞ்சத்தையும் கொண்டுவர லொறிக்கு டீசல் இல்லை. மத்திய நிலையத்தில் சில காலைகளில் கடைகள் திறந்திருந்தும் தரை தெரிந்தது. அந்த செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். கரட் விலையைக் கேட்டுவிட்டுக் கால் கிலோ மட்டும் வாங்கிப் போனவர்களை நான் கண்ணால் கண்டேன். அந்த மாதங்களில் வீட்டில் யாரும் கார்ட் பற்றி வாய் திறக்கவில்லை.

பேச்சு மறுபடி தொடங்கியதற்குக் காரணம் 2022 செப்டெம்பர் 15. அன்றைக்கு எதீரியம் தன் கணக்கு முறையை மாற்றிக்கொண்டது. அதற்குப் பிறகு அந்த நாணயத்துக்குக் கிராபிக்ஸ் கார்ட் தேவையே இல்லை. தோண்டிக்கொண்டிருந்த கார்டுகள் உலகம் முழுக்கப் பழைய சாமான் சந்தைக்கு வந்து விழுந்தன. இலங்கையிலும் பாவித்த கார்டுகளுக்கான விளம்பரங்கள் பெருகின. ரூபாய் விழுந்த காலத்தில் எங்களைப் போன்றவர்களுக்குத் திறந்த ஒரே கதவு அதுதான்.

அப்பாவிடம் நான் விஷயத்தை நேராகவே சொன்னேன். பல வீடுகளில் பிள்ளைகள் படிப்புக்கு என்பார்கள், வேலைக்கு என்பார்கள். நான், “இது விளையாடத்தான் அப்பா. நானும் தம்பியும் ராத்திரியில விளையாட,” என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டது நான் எதிர்பார்க்காதது: “எத்தனை வருஷம் விளையாடுவீங்க?”

அன்றிரவு கடைக் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் கணக்குப் போட உட்கார்ந்தோம். முதலில் எழுதியது எங்கள் மொனிட்டரை. குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள், மொத்தம் 20 இலட்சத்துச் சொச்சம். விநாடிக்கு 60 படம் காட்டும். 4கே திரை என்றால் புள்ளிகள் நான்கு மடங்கு, ஏறக்குறைய 83 இலட்சம். ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் கண்டுபிடிப்பதுதான் கார்டின் வேலை. ஆகவே கார்டின் தேவையைத் திரைதான் தீர்மானிக்கிறது. விநாடிக்கு 120 படம் வரையக்கூடிய கார்டை வாங்கி 60 படம் காட்டும் மொனிட்டரில் செருகினால், கொடுத்த காசில் ஒரு பங்கு கண்ணுக்கு எட்டாமலே போகும். இந்த ஒரு வரியிலேயே ஆர்டிஎக்ஸ் 3060 உம் அதற்கு மேலே உள்ளவையும் பட்டியலிலிருந்து போய்விட்டன.

அடுத்தது பவர் சப்ளை. எங்களிடம் இருந்தது 450 வாட். ஆர்எக்ஸ் 580 கார்ட் மலிவாகக் கிடைத்தது, ஆனால் அது மட்டும் 185 வாட் வரை இழுக்கும். 1660 சூப்பர் 125 வாட்டோடு நிற்கும். மலிவான கார்டை வாங்கி, அதைத் தாங்கப் புதிய பவர் சப்ளையும் வாங்கினால் இரண்டும் சேர்ந்து மற்றதன் விலைக்கே வந்துவிடும். இதைக் கண்டுபிடித்தவன் தம்பி. அவன்தான் இன்னொன்றையும் சொன்னான்: ஆர்எக்ஸ் 580 என்ற பெயரிலேயே உள்ளே கணிப்பான்கள் குறைந்த ஒரு வகையும் சந்தையில் உண்டு, வழக்கமானதில் 2304, அதில் 2048. பெயரை மட்டும் பார்த்து வாங்குகிறவர்களுக்கு அது தெரியாது.

மூன்றாவது மின்சாரம். 125 வாட் கார்ட் முழு வேலையில் இரவுக்கு மூன்று மணித்தியாலம் ஓடினால் மாதத்துக்கு 11 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. பார்க்கச் சின்னத் தொகை. ஆனால் எங்கள் கட்டணமுறை படிப்படியாக ஏறும் முறை. யூனிட் அடுத்த படிக்குத் தாவினால் விலையும் கூடும், நிலைக்கட்டணமும் கூடும். 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதம் ஏற்றியிருந்தார்கள். பிறகு, 2023 பெப்ரவரியில், இன்னுமொரு 66 சதவீதம் ஏறியது. அம்மா பழைய பில்களை எடுத்துவந்து படியின் விளிம்புக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்று காட்டினார். குளிர்சாதனப் பெட்டியையும் தண்ணீர் மோட்டாரையும் கணக்கில் எடுத்து, வார நாட்களில் ஒன்றரை மணித்தியாலம், சனி ஞாயிறில் கூடுதலாக என்று வகுத்துக்கொண்டோம்.

கடைசியாகத்தான் காசு. கடன் என்ற பேச்சே எழவில்லை. மத்திய வங்கி 2022 ஏப்ரலில் ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளி உயர்த்தியிருந்தது. அப்பா காசை எப்போதும் மூன்றாகப் பிரிப்பார்: முதல், வீடு, மிச்சம். முதல் என்பது நாளைக்குக் காலையில் சரக்கு எடுக்க வேண்டிய காசு, அதைத் தொட்டால் கடை நின்றுவிடும். வீட்டுக் காசில் அரிசியும் மருந்தும் தங்கச்சியின் பள்ளிக்கூடமும். மிச்சம் என்பது நாளைக்குத் தொலைந்துபோனாலும் மற்ற இரண்டையும் தொடாத காசு. “பழைய சாமான் வாங்குற. வாங்கின மறுநாள் எரிஞ்சு போச்சுன்னு வை. அழுதுட்டுப் படுத்துக்கலாம், ஆனா கடை தொறக்கணும். அந்தக் காசு எவ்வளவு?” என்று கேட்டார். என் கையிருப்பும் அவர் தருவதும் சேர்த்து 70,000 என்று வந்தது. நான்கு ஆண்டு பாவிப்பது என்று வைத்தால் ஆண்டுக்கு 17,500. மாதத்துக்கு 1,500 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு, இரண்டு பேருக்கு. அவர் கொப்பியில் 70,000 என்று எழுதி அடியில் கோடு போட்டார். அதற்கு மேல் எந்தக் கார்டாக இருந்தாலும் இல்லை.

அந்த மாதங்களில் ஊரில் எத்தனையோ பேர் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். விளையாட்டுக்கு 70,000 ஒதுக்குவது சரியா என்ற கேள்வி என்னை உறுத்தியது. அதை அப்பாவிடம் கேட்டேன். அவர் எங்கள் ஊர் ரங்கிரி கிரிக்கெட் மைதானத்தைப் பற்றிப் பேசினார். குளக்கரையில் கட்டிய அந்தப் புது மைதானத்தில் 2001 மார்ச்சில் முதலாவது சர்வதேச ஒருநாள் போட்டி, இலங்கையும் இங்கிலாந்தும். அப்பா அன்றைக்குக் கடையை மூட்டை தூக்கும் நாட்டாமிமாரிடம் விட்டுவிட்டு டிக்கெட் எடுத்துப் போனாராம். “அந்தக் காசுக்கு ஒரு மூட்டை கோவா வந்திருக்கும். ஆனா அந்த நாளைப் பத்தி இன்னைக்கும் பேசுறேன்ல? மனுசன் சந்தோசத்துக்கும் ஒரு காசு வைக்கணும். எவ்வளவுன்னு மட்டும் தெரிஞ்சிருக்கணும்.” கஷ்ட காலத்தில் சந்தோஷத்துக்கான காசை வெட்டி எறியாமல் அதற்கு எல்லை கட்டிய மனிதர் அவர். அதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

கார்ட் தேடிக் கொழும்புக்குப் போனேன். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாஸாவில் மாடி மாடியாகக் கணினிக் கடைகள். கண்ணாடிக்குள் நிறநிறமாக விளக்கெரியும் கார்டுகளைப் பார்க்கும்போது இன்னும் கொஞ்சம் போட்டால் அடுத்தது கிடைக்குமே என்று யாருக்கும் தோன்றும். அங்கே விலைகள் அப்படித்தான் அடுக்கியிருக்கும். ஒவ்வொரு படிக்கும் இடையில் ஒரு பத்தாயிரமோ பதினைந்தாயிரமோதான். பத்தாயிரம் பத்தாயிரமாக ஏறினால் வீட்டுக் காசுக்குள் எப்போது நுழைந்தோம் என்றே தெரியாது. கோடு போட்ட கொப்பி பையில் இருந்தது. புதிய கார்டுகளின் விலையை விசாரித்து எழுதிக்கொண்டு திரும்பினேன்.

1660 சூப்பரை வாங்கியது குருநாகலில், பாவித்த சாமான் விற்கும் ஒருவரிடம். “மல்லி, ஹொந்தட பலன்ன”, தம்பி, நல்லாப் பாருங்க, என்று கார்டை மேசையில் வைத்தார். அப்பா மூட்டை வாங்கும்போது மேலே இருக்கும் கரட்டைப் பார்க்கவே மாட்டார். கையை முழங்கை வரை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒன்றை உருவி, முறித்து முகர்ந்து பார்ப்பார். நானும் மேலே மினுங்கிய பிளாஸ்டிக்கை விட்டுவிட்டுக் கார்டைக் கவிழ்த்தேன். திருகாணிகளின் தலையில் கீறல் இருந்தால் திறந்து மூடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒன்றில் லேசாக இருந்தது, கேட்டதற்கு வெப்பப் பசை மாற்றியதாக ஒப்புக்கொண்டார். நினைவகச் சில்லுகளின் ஓரத்தில் வெப்பத் தகடுகளிலிருந்து எண்ணெய் கசிந்த பளபளப்பு இல்லை. விசிறியை விரலால் மெதுவாகத் தள்ளினேன். நல்ல விசிறி சத்தமில்லாமல் சுற்றித் தானாக நிற்கும்; தேய்ந்தது கரகரக்கும், ஆடும். இதில் ஒன்று நின்றது, மற்றது கொஞ்சம் முனகியது. தோண்டலில் ஓடிய கார்டுகளில் முதலில் தேய்வது விசிறிதான். சில்லு ஒரே சூட்டில் ஓடுவதால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

பிறகு கணினியில் செருகச் சொன்னேன். ஜிபியு-இசட் என்ற சின்ன மென்பொருள் உள்ளே இருக்கும் சில்லு எது என்று காட்டும். பழைய சில்லுக்குப் புதுப் பெயர் எழுதி விற்பவர்கள் அதில் அகப்படுவார்கள். 1408 கணிப்பான்கள், 6 ஜிபி நினைவகம், சொன்ன கார்ட்தான். அடுத்து ஃபர்மார்க். உரோமம் முளைத்த ஒரு வளையத்தைத் திரையில் சுழலவிட்டுக் கார்டை முழு வேலைக்குத் தள்ளும் சோதனை அது. கடைக்காரர் தேநீர் குடித்து முடிக்கும் வரை நான் வெப்ப எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். 70 ஐத் தாண்டி, 76 இல் போய் நிலைத்தது. திரையில் புள்ளி சிதறவில்லை, கோடு விழவில்லை. முனகும் விசிறியைக் காட்டி விலை பேசினேன். 65,000 க்கு முடிந்தது. மிச்சமான 5,000 இல் இடி மின்னலுக்கும் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்துக்கும் ஒரு பாதுகாப்புப் பிளக் வாங்கினேன். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் தம்புள்ளையில் மத்தியானத்துக்குப் பிறகு இடிக்காத நாள் குறைவு.

தம்பி முதலில் ஓட்டியது ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2. பனி மலையில் குதிரை கால் புதைந்து நடக்கிறது, மூச்சுவிட்டால் ஆவி தெரிகிறது. அப்பா கடைக்குப் போகக் கிளம்பி, சட்டைப் பொத்தானைப் போட்டபடியே பின்னால் நின்று பார்த்தார். “குதிரை நிஜமாத்தான் நடக்குது,” என்றார். ஏப்ரல் வெயிலில் வெப்பம் 80 ஐ நெருங்கியபோது பெட்டியின் பக்க மூடியைக் கழற்றி வைத்தோம். உள்ளே மெல்லிய செந்நிறத் தூசியும் வெங்காயத் தோல் துண்டுகளும் இருந்தன. அப்பாவின் உடுப்பில் ஒட்டி வீட்டுக்கு வருபவை. அதற்குப் பிறகு தூரிகையால் விசிறியைச் சுத்தம் பண்ணுவது என் ஞாயிற்றுக்கிழமை வேலையாயிற்று.

2023 நடுப்பகுதியில் ஆர்டிஎக்ஸ் 4060 வந்தது, 299 டொலர். ரூபாயும் 300 ஐ ஒட்டி மீண்டிருந்தது. கணக்குப்படி ஏறக்குறைய 90,000. நாங்கள் வாங்கியதைவிட வெகு வேகமான புதுக் கார்ட், 115 வாட்தான். கொஞ்சம் பொறுத்திருக்கலாமோ என்று தம்பி கேட்டான். அப்பா கொமிசன் கடைப் பழக்கத்தில் பதில் சொன்னார்: “வாங்கின சரக்குக்கு மறுநாள் விலை கேக்கக் கூடாது.” எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. அந்த 90,000 எங்கள் கோட்டுக்கு 20,000 மேலே. அதோடு காத்திருந்தால் நாங்கள் விளையாடிய அத்தனை இரவுகளும் இல்லாமல் போயிருக்கும். புதிய விளையாட்டுகள் கனக்கும்போது ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் கைகொடுத்தது. படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் மென்பொருள் அது. போட்டி நிறுவனமான என்விடியாவின் கார்டிலும் ஓடியது.

இப்போது பக்கத்துப் பையன்கள் கார்ட் வாங்க யோசனை கேட்டு வருகிறார்கள். எந்தக் கார்ட் நல்லது என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். நான் அவர்களிடம் மொனிட்டர் என்ன, பவர் சப்ளை எத்தனை வாட், எத்தனை வருஷம் வைத்திருப்பாய் என்று கேட்கிறேன். பிறகு, காசு யாருடையது, வீட்டில் எதற்கென்று சொல்லியிருக்கிறாய் என்று கேட்கிறேன். இந்தக் கடைசிக் கேள்விக்குப் பலர் முகம் திருப்புவார்கள். படிப்புக்கு என்று சொல்லி வாங்கிய கார்டை ஒளித்து ஒளித்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கும். அம்மா அறைக்குள் வந்தால் திரையை மாற்ற வேண்டியிருக்கும். அப்படி விளையாடுவதில் பாதி சந்தோஷம்கூட இல்லை.

அதனால் அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: விளையாடத்தான் என்று வீட்டில் சொல்லுங்கள். மின்சார பில்லை மேசையில் வையுங்கள். எது முதல், எது வீடு, எது மிச்சம் என்று எல்லோரும் சேர்ந்து பிரித்துக்கொள்ளுங்கள். மிச்சத்துக்குள் வரும் தொகையை எழுதி அடியில் கோடு போடுங்கள். அந்தத் தொகை 20,000 ஆக இருந்தால் 20,000 க்குள் நல்ல கார்டைத் தேட நானும் கூட வருகிறேன். 2,00,000 ஆக இருந்தால் அதற்கும் வருகிறேன். கோடு போடாமல் கடைக்குப் போகிறவரோடு மட்டும் நான் போவதில்லை.